தண்ணீர் எங்கே போகிறது?

காரில் தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் என் வயதுக்காரர்களில் நிறையப் பேர். அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் பிடித்த பழக்கம் அது. டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, ஒரு கேன் தண்ணீர் கட்டாயம் இருக்கும். திண்டிவனம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்து, ஆவி அடங்கும் வரை வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ஊற்றிக்கொண்டு புறப்படுவார்கள். யாரும் அதைப் பழுது என்றே நினைத்ததில்லை.

அந்த வண்டிகள் தண்ணீர் குடித்தது உண்மைதான். சூட்டில் விரிந்த தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக ரோட்டில் வழிந்துவிடும், திரும்பி வராது. (சிறு வயதில் நம் ஊரில் சித்ரோயன் ‘தெ ஷ்வோ’ ஒன்றிரண்டு பார்த்திருக்கிறேன். அதற்கு ரேடியேட்டரே கிடையாது. காற்றிலேயே என்ஜின் குளிர்ந்துவிடும். அந்தக் கதை வேறு.) இன்று நாம் வைத்திருக்கும் வண்டிகள் அப்படிப்பட்டவை அல்ல. ரேடியேட்டர், என்ஜின், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் சேர்ந்து மூடிய ஒரே பாத்திரம். சிறிய காரில் மூன்றரை, நான்கு லிட்டர் கூலன்ட் இருக்கும். சூட்டில் விரிவது பாட்டிலுக்குப் போகும், ஆறியதும் ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாராவாரம் அரை லிட்டர் ஊற்றுகிறோம் என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே வண்டி சூடாகிறது என்று மெக்கானிக்கிடம் போகும்போது, ‘ஏன் சூடாகிறது?’ என்று கேட்காதீர்கள். ‘தண்ணீர் எங்கே போகிறது?’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆயிரம் பதில் உண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பார்ட் உண்டு. இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான், அதைத் தேடித்தான் ஆக வேண்டும்.

நான் முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன். மாலையில் கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் வவுச்சர்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். தன் பையிலிருந்து நூறு ரூபாய் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவனை யாரும் நல்ல காசாளர் என்று சொல்லமாட்டார்கள். மறுநாளும் நூறு குறையும், அடுத்த வாரம் ஆயிரம் குறையும். ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் அந்த ரகம்தான்.

போன கத்திரியில் என் பதினான்கு வயது வண்டிக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். மாதம் ஒருமுறை என் மனைவியைக் கண் சிகிச்சைக்குச் சென்னைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்த நேரம். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் பகல் பன்னிரண்டு மணிக்கு முள் சிவப்பைத் தொட்டது. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று உப்பு, நிழலுக்கு ஒரு வேலிகாத்தான் மரம். கண்ணில் மருந்து போட்டிருக்கும் எழுபது வயதுக்காரி அந்த வெயிலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஊருக்குள் பெயர் பெற்ற ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். முதல் நாள் கூலன்டை நிரப்பிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் குறைந்தது. இரண்டாம் தடவை என்னைக் கேட்காமலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். ‘நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்?’ என்றான் பையன். மூன்றாம் தடவை வாட்டர் பம்ப் புதிது, 4,850 ரூபாய். பிறகும் குறைந்தது. நான்காம் தடவை சூபர்வைசர் வெளியே வந்து, என் தோளில் கை வைத்து, வீட்டில் துக்கம் சொல்ல வந்தவர் மாதிரி, ‘ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார். திறந்து பார்த்துடலாம். ஃபேஸிங் எல்லாம் சேர்த்து இருபத்தஞ்சு, முப்பது ஆகும்’ என்றார். கேஸ்கெட்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ‘வேற எல்லாம் மாத்தியாச்சே சார்’ என்பதுதான் பதில்.

அது பதில் இல்லை. மற்றவர்களையெல்லாம் விசாரித்துவிட்டோம், ஆகவே இவன்தான் திருடன் என்று சொல்வது மாதிரி. அதுவும் யாரையும் உண்மையில் விசாரிக்கவே இல்லை. சட்டையை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

கேஸ்கெட் போனால் அது பல இடங்களில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போகும். தண்ணீர் எண்ணெயில் கலந்தால், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி மாதிரி ஒரு படலம் இருக்கும். (வண்டியைக் காய்கறி வாங்க மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த மூடியில் லேசாக ஈரப் பசை சேருவது உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம். எண்ணெய் பார்க்கும் கம்பியிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை.) தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை அடங்காது, அதில் ஒரு தித்திப்பு வாடை இருக்கும். சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் வந்தால், ஆறிய என்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கும். நீல நிற மருந்து ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுத்தால், புகையின் கரியமில வாயு இருந்தால் மருந்து மஞ்சளாகிவிடும். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் ஹெட்டைத் திறக்கலாம் என்று சொல்வது, ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளுவதுதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நகருக்கு வெளியே ரேடியேட்டர் வேலை மட்டும் செய்யும் ஒரு பெரியவரைச் சொன்னார்கள். தகரக் கொட்டகை, பக்கத்தில் ஒரு டீக்கடை, போர்டுகூட இல்லை. ராத்திரி முழுக்க ஆறிய வண்டியாகக் கொண்டு வாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, என்னை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, தலையைச் சாய்த்து இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘கேஸ்கெட் இல்ல சார், அணைச்சிடுங்க’ என்றார்.

பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு மாதிரி ஒன்றை எடுத்து ரேடியேட்டர் வாயில் மாட்டினார். அதில் ஒரு முள். மூடியில் 0.9 என்று போட்டிருந்தது, அதே அளவுக்குக் காற்றை ஏற்றி நிறுத்தினார். ஓட்டை இல்லாவிட்டால் முள் அப்படியே நிற்க வேண்டும். டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் முள் மெல்லச் சரிந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் டார்ச்சையும் எடுத்து என்ஜினுக்குப் பின்புறம் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். அங்கே ஓடும் ஒரு இரும்புத் தண்ணீர்க் குழாயில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையும் பச்சையுமாகப் படிவு. அதன் நடுவில் ஒரு துளி திரண்டுகொண்டிருந்தது. பக்கத்திலேயே புகைக் குழாய். வண்டி ஓடும்போது அந்தத் துளி சூட்டில் விழுந்து ஆவியாகிவிடும். அதனால்தான் ஷெட் தரை ஒரு நாளும் நனையவில்லை.

இருபத்தைந்து நிமிடம். டீயையும் சேர்த்து.

குழாய், இரண்டு கிளாம்ப், புதுக் கூலன்ட், கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் வேறு ஒன்று. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பார்த்தேன், சோதனைக்கு என்று ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. நீங்கள் கண்டுபிடித்ததற்குக் கூலி எங்கே என்று கேட்டேன். ‘அப்படித் தனியாப் போட்டா யாரு சார் குடுப்பாங்க? பார்த்ததுக்குக் காசான்னு கேப்பாங்க. குழாயிலேயே சேர்த்துட்டேன்’ என்று சிரித்தார்.

அவர் சிரித்துவிட்டார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இத்தனை நாள் நடந்த கூத்துக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

சார்செல் பக்கம் இருக்கும் என் தம்பி, ஒருமுறை தன் காரைப் பழுது பார்த்த பில்லை எனக்கு அனுப்பினான். அங்கே கூலி என்ன விலை விற்கிறது என்று காட்டத்தான் அனுப்பினான், தொகையைச் சொன்னால் உங்களுக்கும் தலை சுற்றும். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. சாமான்கள் ஒரு பக்கம், வேலைக் கூலி ஒரு பக்கம், அவற்றுக்கெல்லாம் மேலே முதல் வரியாக ‘ரெஷெர்ஷ் த பான்’ என்று தனித் தொகை. பழுதைத் தேடியதற்கு! அங்கே தேடுவதே ஒரு வேலை, அதற்கு விலை உண்டு. பார்ட் எதுவும் மாற்றாமல் போனாலும் அந்த விலையைக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக்காரன் செய்வதெல்லாம் சரி என்று சொல்கிறவன் நான் இல்லை. அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு விஷயங்களும் உண்டு. ஆனால் இந்த ஒரு வரி நியாயமான வரி.

நாம் டாக்டருக்கு இதைச் செய்கிறோம். நாடி பார்த்ததற்கு ஃபீஸ் தனி, மருந்துக் கடையில் மருந்து தனி. மருந்தே வேண்டாம், ரெண்டு நாள் ஓய்வெடுங்கள் என்று சொன்னாலும் ஃபீஸை வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். மெக்கானிக்கிடம் மட்டும் கை வராது. 4,850 ரூபாய்க்கு வாட்டர் பம்ப் என்றால் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்தியோடு கொடுப்போம். முந்நூறு ரூபாய், பார்த்ததற்கு என்றால் சண்டைக்குப் போவோம். அப்புறம் அவன் என்ன செய்வான்? கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் செலவழித்தால் காசில்லை, ஒரு சாமானை மாற்றினால் காசு. மாற்றத்தான் செய்வான். அவனை மட்டும் திருடன் என்று சொல்லிப் பயனில்லை, அந்தத் தொழிலுக்கு நாம் எப்படிப் பணம் கொடுக்கிறோமோ அப்படித்தான் அது நடக்கும். என்னைக் கேட்காமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

அந்தச் சீட்டில் ‘சோதனை: 300’ என்று எழுதச் சொன்னேன். பெரியவர் எழுதினார், குழாய் விலையை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டார்! கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் நான் சொல்லவந்தது அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. குறைத்ததை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

தெர்மோஸ்டாட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கழற்றி எறியும் வழக்கம் நம் பக்கத்தில் அதிகம். என்ஜின் தொண்ணூறு டிகிரி சூட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்யவேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. சரியான சூடு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகாமல் நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. ஊர் வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எடுத்துவிட்டால் முள் கீழே இறங்கும், நமக்கும் நிம்மதியாக இருக்கும், ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். என்ஜின் எப்போதும் குளிரிலேயே ஓடிப் பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பௌதிக வகுப்பில் தெனி பப்பேன் என்ற பெயர் மறக்காது. 1679-ல் அவர் செய்த இறுக மூடிய பாத்திரத்துக்கு ‘மர்மித் த பப்பேன்’ என்று பெயர், பப்பேனின் சட்டி. நம் வீட்டுக் குக்கரின் கொள்ளுத் தாத்தா. அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது, அதற்கு மேலே போய்த்தான் கொதிக்கும். அதே சூத்திரம்தான் ரேடியேட்டர் மூடியிலும். 0.9 என்று போட்ட மூடி சரியாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் குக்கர் வெயிட் இல்லாத கதைதான், நூறிலேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். இன்னொன்று, ஆறும்போது பாட்டிலிலிருந்து திரும்ப உறிஞ்சவும் மூடி நன்றாக இருக்க வேண்டும். பாட்டில் நிறைந்திருக்கிறது, ரேடியேட்டர் மட்டும் காலி என்றால் முதலில் மூடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான்.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நாமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, என் மாதிரி ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதும் போகும். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பாட்டிலில் கூலன்ட் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துகொண்டு போகிறவரை எந்த ஒர்க்‌ஷாப்பும் சுலபமாக ஏமாற்ற முடியாது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். ஏ.சி. தண்ணீர் காய்ந்தால் கறையே இருக்காது. கூலன்ட் என்றால் நிறம் இருக்கும், விரலில் வழுவழுக்கும். (ருசி பார்க்க வேண்டாம், தித்திக்கும், ஆனால் விஷம். தெரு நாய்கள் நக்கவும் விடாதீர்கள்.) முன் சீட்டுக் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பு ஈரமாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்தால் ஹீட்டரின் சின்ன ரேடியேட்டர் ஒழுகுகிறது. எப்போது சூடாகிறது என்பதையும் எழுதுங்கள். ராஜீவ் காந்தி சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஈ.சி.ஆரில் ஓடும்போது இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். ஊருக்குள் சரியாக இருந்து வேகமாக ஓட்டும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம்.

போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் கடலோரத் தண்ணீர் வாளியிலேயே வெள்ளைப் படிவு விடுகிறது, என் வண்டிக் குழாயை அரித்ததும் இந்த மாதிரித் தண்ணீராகத்தான் இருக்கும் என்றார் பெரியவர். அவசரத்துக்குப் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் போதும். மஞ்சள் தூள் போட்டால் ஓட்டை அடையும் என்று லாரிக்காரர்கள் சொல்வது பொய்யில்லை, அடையும். ஓட்டையோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களும் அடையும். கடையில் டப்பாவில் விற்கும் மருந்துகளும் அந்த ஜாதிதான். நடுக் காட்டில் வீடு போய்ச் சேர வேறு வழியில்லை என்றால் ஒருமுறை, அதோடு சரி.

வழியில் முள் ஏற ஆரம்பித்தால் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜின் சூட்டில் கொஞ்சம் உங்கள் பக்கம் வந்துவிடும், ஓரமாக நிறுத்த நல்ல இடம் பார்க்க நேரம் கிடைக்கும். சிவப்பைத் தொட்டுவிட்டால் அந்த நேரமும் இல்லை, எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். அலுமினிய ஹெட் வளைவதற்குச் சில நிமிடங்கள் போதும், அப்புறம் கேஸ்கெட் செலவு நிஜமாகவே வந்துவிடும். முள் திடீரென்று தானாகக் கீழே விழுந்தால் பிழைத்தோம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் தீர்ந்து, சூடு அளக்கும் கருவி வெறும் காற்றில் நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

நிறுத்தியதும் மூடியில் கை வைக்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம், நம் வெயிலில் முக்கால் மணி. மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் இன்னும் காத்திருங்கள். மெத்தென்று ஆனபிறகு, தடித்த துண்டைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று மட்டும் திருப்புங்கள். ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் அப்படியே விட்டுவிட்டுப் போய் இன்னும் கொஞ்ச நேரம் நிழலில் உட்காருங்கள்.